நாலு கிலோ விஷயமா

பாப்பா,

நேத்து போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்ன, "61 கிலோ இருக்கேன் நைனா, பாக்சிங் மேட்ச்ல 57 கிலோ பிரிவுல தான் எறங்கப்போறேன், கடைசி அஞ்சு நாள்ல எறக்கிடுவேன்"னு. அம்மா பக்கத்துல இருந்தா, அதான் ஒண்ணும் பேசல. ராத்திரி தூக்கம் வரல, உக்காந்து டைப் பண்றேன்.

என் கதை உனக்கு பாதி தான் தெரியும். ஸ்டேட் மீட், மே மாசம், மூணு கிலோ ஜாஸ்தி. மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு காசிமேடு பக்கம் மத்தியான வெயில்ல ஓடுனேன், ரெண்டு நாள் தண்ணி இல்ல, பபுள்கம்ம மென்னு மென்னு ஒரு சொம்புல துப்பிக்கிட்டே இருந்தேன், கடைசில துப்ப எச்சி கூட இல்ல, உதடு பல்லோட ஒட்டிக்கிச்சு. வெயிட் மெஷின்ல ஏறுனா 200 கிராம் கம்மி! பசங்க தோள்ல தூக்கிட்டானுங்க. அப்புறம் ரிங்ல ஏறுனா, அவன் அடி வர்றது கண்ணுக்கு தெரியுது, கை எழும்பல. மொத ரவுண்டுலயே ரெஃப்ரி எண்ணி முடிச்சிட்டாரு. சாயங்காலம் ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ். தாத்தா கிட்ட அஜீரணம்னு சொன்னேன், அவரு நம்பல.

நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை காயாது, காஞ்சா தான் உடம்பு குளிரும், அது மேல கோட்டையும் போட்டா சூடு எங்க போகும்? 1997ல அமெரிக்கால காலேஜ் மல்யுத்த பசங்க மூணு பேரு இந்த மாதிரி தண்ணிய வத்த வச்சே அடுத்தடுத்து செத்தாங்க, அப்புறம் தான் அங்க ரூலே மாறுச்சு.

எல்லாரும் பண்றாங்களேம்ப. புரொஃபஷனல்ஸுக்கு முந்தின நாளே வெயிட் பாத்துடுவாங்க, தேற டைம் இருக்கும். உனக்கு மேட்ச் அன்னிக்கு காலைல. ஜெயிச்சா அடுத்த பவுட் அன்னிக்கும் திரும்ப மெஷின்ல ஏறணும். வினேஷ் போகாட்ட பாத்தல்ல, 53 கிலோல ஆடுன மல்யுத்த பொண்ணு, 2024 பாரிஸ்ல 50ல எறங்கி மூணு பேர ஜெயிச்சிட்டு, மறுநாள் காலைல 100 கிராம் ஜாஸ்தின்னு வெளிய தள்ளிட்டாங்க. ராத்திரி பூரா வேர்க்க வச்சு, முடிய வெட்டியும் வெயிட் எறங்கல. நூறு கிராம்னா அரை டம்ளர் காபி, அவ்ளோ தான்.

மூணு வாரம் இருக்கு. வாரத்துக்கு அரை கிலோ, சாதத்த கொற, முட்டை மீன் மோர கொறைக்காத. கடைசி நாள் கீரை காய் கம்மி பண்ணா வயித்துல தங்குறது கொறையும். அப்பவும் 59, 59.5 தான் வரும், 57 வராது. யாராவது லேசிக்ஸ் மாத்திரை குடுத்தா தொடாத, ஒண்ணுக்கு போக வைக்கிற மாத்திரை டோப்பிங் தடை லிஸ்ட்ல இருக்கு, ட்ரிப்ஸும் இஷ்டத்துக்கு ஏத்திக்க முடியாது. காஞ்ச உடம்போட நீ தலைல அடி வாங்குறத என்னால நெனச்சு கூட பாக்க முடியல.

அம்மா ஒண்ணு எழுத சொன்னா: பீரியட்ஸ் சமயத்துல மெஷின் கொஞ்சம் ஜாஸ்தி காட்டும், பதறாத, ஆனா மாசா மாசம் வராம நின்னுட்டா உடனே டாக்டர பாரு, மறைக்காத.

60ல எறங்கு. உன் கை நீளம் அங்கயும் போதும். கோச் கிட்ட நீ சொல்றியா, நான் போன் போடவா? பருப்பு பொடி பார்சல்ல வருது, உப்பு கொஞ்சம் தூக்கல், மேட்ச் முடிஞ்சப்புறம் பிரி.

நைனா