தவணை தவறிய பிறகுதான் பேசுவீர்களா?

கிரெடிட் கார்டு வழங்கும் வங்கிகளின் வசூல் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

என் கார்டு பாக்கி ஒன்றையும், அப்புறம் என் மைத்துனருடையதையும், இடையில் ஆள் வைக்காமல் நானே உங்களைப் போன்றவர்களிடம் பேசி முடித்தேன். அதிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஸ்டேட்மெண்டைக் கொண்டு வந்து நீட்டுகிறார்கள். இவர்கள் ஏமாற்றப் பார்ப்பவர்கள் இல்லை. ஏமாற்ற நினைப்பவர் சிம் கார்டை மாற்றிவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கே போன் போட்டு, எவ்வளவு கட்டினால் கணக்கை முடிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அப்படிக் கேட்பவருக்கு நீங்கள் தரும் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

வேலை போய்விட்டது. இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை. பி.எஃப். பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது, அது கரைவதற்குள் கார்டை முடித்துவிடலாம் என்று ஒருவர் உங்களை அழைக்கிறார். "சார், உங்க அக்கவுண்ட் ரெகுலரா இருக்கு, செட்டில்மெண்ட் ஆப்ஷன் சிஸ்டத்துல வரல" என்பது பதில். செட்டில்மெண்ட் என்பது, பேசி ஒப்புக்கொண்ட குறைந்த தொகையோடு கணக்கை முடிப்பது. மிஞ்சிப் போனால் நிலுவையை இ.எம்.ஐ. ஆக மாற்றித் தருகிறோம் என்கிறீர்கள். சம்பளமே இல்லாதவருக்கு இ.எம்.ஐ. எதற்கு? வேறு வழியில்லாமல் கட்டுவதை நிறுத்துகிறார். 90 நாள் தாண்டிக் கணக்கு வாராக்கடன் ஆனதும் நீங்களே தேடி வருகிறீர்கள். முதலில் தாமதக் கட்டணம் தள்ளுபடி, பிறகு வட்டி, அதற்கும் அசையாவிட்டால் அசலிலேயே ஒரு பகுதி. அதற்குள் பி.எஃப். பணம் வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போயிருக்கும். முதல் நாளே வாங்கியிருக்கக்கூடிய தொகை இப்போது அவரிடமும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

"ஆறு மாசம் கட்டாம விடு, அவனே இறங்கி வருவான்" என்று டீக்கடையில் யோசனை சொல்கிறார்கள். கேட்டால் எனக்கே கோபம் வரும். ஆனால் அந்தப் பாடத்தை நடத்தியது நீங்கள்தான்.

விதி அப்படி இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். சமரசத் தீர்வுகளுக்கான வழிமுறையை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்டது. ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் இதற்கென ஒரு கொள்கையை ஏற்க வேண்டும் என்கிறது அது. கடன் எத்தனை நாள் நிலுவையில் இருந்தால் சமரசம் பேசலாம், எவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கொள்கைக்குள் வருபவை. அதாவது 'சிஸ்டத்துல வரல' என்பதன் பின்னால் இருப்பது உங்கள் இயக்குநர் குழுவின் முடிவு. அதை மாற்ற அவர்களால் முடியும். அந்தக் கொள்கையின் சாரத்தையாவது வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வெளியிடுங்கள்: யாருக்குப் பொருந்தும், எப்போதிலிருந்து, முடிவெடுப்பவர் யார். இப்போது இது டெலிகாலரின் தயவைப் பொறுத்தது போல நடக்கிறது.

வட்டியைப் பற்றிச் சண்டை போட வரவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. சரி, சட்டம் உங்கள் பக்கம். கணக்கை மட்டும் பாருங்கள். ஒரு லட்சம் நிலுவை, மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 630. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, ஐந்து சதவீதம் என்று 5,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 870 ரூபாய். ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வட்டி வைக்கும்போதே, சிலர் கட்ட முடியாமல் விழுவார்கள் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. விழுந்தவரிடம் உங்கள் ஆட்கள் பேசும் தொனியில் மட்டும் அது தெரிவதில்லை.

அடுத்தது, கடிதம். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். மாதக் கடைசியில் போன் வரும். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நாற்பதாயிரம் கட்டுங்க, முடிச்சுடலாம், லெட்டர் அப்புறம் வரும்." டார்கெட் அவருக்கு, அவசரம் நமக்கு. நம்பிக் கட்டினால் அந்தப் பணம் பகுதித் தொகையாக வரவு வைக்கப்படும். இரண்டு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சி மீதியைக் கேட்டு அழைக்கும். முன்னவர் சொன்னதற்குப் பதிவே இருக்காது. அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து கடிதம் வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், ஏஜெண்டின் யு.பி.ஐ.க்கு எப்போதுமே அனுப்பாதீர்கள். கார்டின் கடைசி நான்கு எண்கள், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, மீதி முழுவதும் தள்ளுபடி என்ற வரி, இவ்வளவும் அதில் வேண்டும். இதை நாங்கள் கெஞ்சி வாங்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. பணம் பெறுமுன் கடிதம் என்பதை உங்கள் நடைமுறையாகவே ஆக்குங்கள்.

அதே கடிதத்தில், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் பற்றியும் எழுதுங்கள். பேசி முடித்த கணக்கு 'செட்டில்டு' என்று பதிவாகும், முழுதாகக் கட்டியது போல 'க்ளோஸ்டு' என்று வராது, பல ஆண்டுகள் கடன் அறிக்கையில் அது நிற்கும் என்பது வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. முன்பே சொல்லியிருந்தால் சிலர் நகையை அடகு வைத்தாவது முழுத் தொகையைக் கட்டியிருப்பார்கள். அந்த முடிவு அவர்களுடையது.

நேரடியாகப் பேச வழியில்லாத இடத்தில்தான், கடன்காரர் சார்பில் பேசி முடித்துத் தருகிறோம் என்னும் செட்டில்மெண்ட் நிறுவனங்கள் நுழைகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு, கட்டாதே, போனை எடுக்காதே என்று சொல்லித் தருபவையும் அவற்றில் உண்டு. அந்தக் கட்டணம் உங்களுக்கு வந்திருக்க வேண்டிய பணம்.

வசூல் அழைப்புகளைப் பற்றி நீட்டவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூடாது, உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை சொல்கிறது. பின்பற்றுங்கள். செக் பவுன்ஸ் போன்ற தனி வழக்கு இல்லாதவரை கார்டு பாக்கி ஒரு சிவில் விவகாரம். "போலீஸ் வரும்" என்று வயதான தாயாரிடம் சொல்லும் ஏஜெண்டுக்கும் அது தெரியும்.

உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை. லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் போனில் இழுத்த விவகாரத்தை, எதிரே உட்கார்ந்த வங்கி அதிகாரி அரை மணி நேரத்தில் முடித்தார். தொகையைக் குறைக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே ஆகும் தீர்ப்பு சிவில் நீதிமன்ற ஆணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நீதிபதி முன்னால் முடிகிற ஒன்று உங்கள் அலுவலகத்தில் ஏன் முடியாது?

அதனால் கேட்பது இவ்வளவே. தவணை தவறும் முன்பே வேலையிழப்பு, நோய் போன்ற காரணத்தை ஆவணத்தோடு எழுதுபவருக்கு, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் பதில் தரட்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு எழுத்தில் தரட்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448 என்று என்னிடம் வருபவர்களுக்கு இப்போதே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கடனைப் பேசி முடித்த கார்டுதாரர் ஒருவர்