பூட்டின பிறகு பேச ஒரு ஆள்

கோபிசெட்டிபாளையம்
தை 20

அன்புள்ள மாப்ள சண்முகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மஞ்சள் வெட்டு நடக்கிறது, ஆள் கிடைப்பதுதான் பாடு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஜெயிலில் கைதிகளுக்குக் கைதிகளே துணையாக இருக்கப் பயிற்சி கொடுக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கேட்டதற்கெல்லாம் எழுதுகிறேன்.

பிரிட்டனில் ஸ்வான்சீ சிறையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 1991-ல் சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு அங்கே இதைத் தொடங்கியது. கைதிகளைப் பழக்கிச் சக கைதிகளின் பேச்சைக் கேட்க வைத்தார்கள். புத்தி சொல்வதில்லை, கேட்பதோடு சரி.

நம்மூரில் முதலில் யோசிக்க வேண்டியது ராத்திரியை. உள்ளே வந்த முதல் சில நாள், ஜாமீன் தள்ளுபடியான நாள், தீர்ப்பு நாள், வீட்டு ஆட்கள் மனுப் போட்டுப் பார்க்க வருவது நின்றுபோன வாரம்: ஆபத்து இந்த நேரங்களில்தான். சாயங்காலம் பூட்டிவிட்டால் லேசில் திறக்க மாட்டார்கள். பகலில் மட்டும் வரும் துணையாள் அப்போது எதற்கு ஆவான்? அதனால் புதிதாக வருகிறவர்களை வைக்கும் பிளாக்கிலேயே இரண்டு பேர் முறை வைத்துப் படுக்கட்டும். ஒருவன் மட்டும் என்றால் சீக்கிரம் களைத்துப்போவான்.

ஆள் எடுக்கும்போது தண்டனைக் கைதியாகப் பார்த்து எடு. இன்னும் ஒரு வருஷமாவது உள்ளே இருக்கிறவனாக இருக்கட்டும். விசாரணைக் கைதி பழகி முடிப்பதற்குள் ஜாமீனில் போய்விடுவான். மற்றவர்களை அதட்டி வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கிறவனும், ஏதாவது கோஷ்டியைச் சேர்ந்தவனும் வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் மாட்டிக்கொண்டால் பார்க்க ஆளும் வராது, பேசப் பாஷையும் இருக்காது. இந்தி, ஒடியா தெரிந்த ஆளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். யாரிடம் போன் இருக்கிறது, யார் கஞ்சா வைத்திருக்கிறான் என்று காவலர்கள் துணையாளிடம் கேட்பார்கள். ஒரு தடவை அவன் சொல்லிவிட்டால் அப்புறம் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். கேட்கக் கூடாது என்று சூப்பிரண்டிடமே எழுத்தில் வாங்கிக்கொள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும்; இதைப் பேச்சு தொடங்குமுன்னே பேச வந்தவனுக்குச் சொல்லிப்போட வேண்டும். பேசும் இடம் காவலர் கண்ணுக்குத் தெரியணும், காதுக்கு எட்டக் கூடாது.

“சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கப் பழக்கு. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்றும் கேட்கணும். வழியும் நேரமும் முடிவு செய்துவிட்டவனை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாது. பாதுகாப்பு என்று தனி செல்லில் போடுவார்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இன்னொன்று, தினமும் குடித்தவன் உள்ளே வந்தால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் இல்லாத பூச்சியைப் பார்த்துப் பிதற்றினால் அது மனக்கஷ்டமும் இல்லை, நடிப்பும் இல்லை. உயிர் போகிற விஷயம், உடனே ஆஸ்பத்திரி. துணையாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

தற்கொலைக்கு முயன்றவர்கள் இன்னொரு கேஸ் விழும் என்று மறைப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ம் பிரிவுப்படி, வேறு மாதிரி நிரூபிக்காத வரை அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளணும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை. ஆனால் பிஎன்எஸ் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 226-ம் பிரிவு, அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்த முயற்சியைக் குற்றமாக வைத்திருக்கிறது. உள்ளே அதை எளிதாகப் போட்டுவிடலாம், அதனால் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை முன்கூட்டியே பழக்கத்தில் வைத்துக்கொள். வெளியே தவிக்கும் குடும்பத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 கொடு, தமிழிலேயே பேசலாம்.

வாரம் ஒரு தடவை மனநல ஆலோசகர் துணையாட்களை உட்கார வைத்துப் பேசணும். இதை விட்டால் மற்றவன் பாரமெல்லாம் இவன் தலையில் ஏறிவிடும். சம்பளம் கேட்பார்கள், என் யோசனை, கொடுக்காதே, ஆனால் அவர்கள் நன்னடத்தைப் பதிவில் ஏற்றச் சொல்.

ஒடியா பேசும் ஆள் அமைந்தானா என்று மறக்காமல் எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
நடராஜன்