மான்செஸ்டரிலிருந்து தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

இங்கே நலம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? ஓ.டி.யில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்களுக்கு எந்தப் பிரிவு ரொம்பக் கஷ்டம் என்று போனில் கேட்டாய். பஸ் வந்துவிட்டது, சரியாகச் சொல்ல முடியவில்லை. இன்று லீவு, அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் இங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை நான்குக்குள் இருட்டிவிடும். ஏழரைக்கு டியூட்டிக்குப் போய் வெளியே வரும்போது மறுபடி இருட்டு. தியேட்டரில் ஜன்னலும் கிடையாது.

என்னைக் கேட்டால் இதய அறுவை சிகிச்சைதான் கஷ்டம். எலும்புப் பிரிவில் ஒரு முட்டு மாற்றுக்கே தட்டுத் தட்டாகக் கருவிகள் வரும், முதுகு போய்விடும். ஆனாலும் வரிசை பெரும்பாலும் மாறாது, படித்து வைத்துக்கொள்ளலாம். இதயத்தில் அப்படி முடியாது. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் பைபாஸ் மெஷினில் (பம்பு என்போம்) இணைக்கும் முன் ரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அப்புறம் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தையே நிறுத்துவார்கள். அந்த நிமிடத்திலிருந்து நேரம் ஓடுகிறது. தையலுக்கான 7-0 நூல் தலைமுடி மாதிரி இருக்கும். சர்ஜன் கேட்கும் முன் அடுத்த தையல் ஊசி அதைப் பிடிக்கும் ஹோல்டரில் தயாராக இருக்க வேண்டும். கடைசியில் ஹெபரினை முறிக்கப் புரோட்டமின் என்ற மருந்து. அது பம்புக்குள் போனால் அங்கேயே ரத்தம் உறைந்துவிடும். அதனால் "புரோட்டமின் தொடங்கியாச்சு" என்று மயக்க மருத்துவர் உரக்கச் சொன்னதும், சிந்தும் ரத்தத்தை உறிஞ்சிப் பம்புக்கே அனுப்பும் சக்ஷனை நிறுத்தியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக என் காது எப்போதும் திறந்தே இருக்கும்.

ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணியை நாம் மாப் என்போம், இங்கே ஸ்வாப் என்கிறார்கள். ஐந்தைந்தாக எண்ணுவோம். உடம்புக்குள் ஏதாவது தங்கிவிட்டால் அதை நடக்கவே கூடாத தவறுகளின் பட்டியலில் சேர்த்து விசாரிப்பார்கள். போன மாதம் நெஞ்செலும்பை மூடப்போகும் நேரத்தில் என் கணக்கில் ஒரு ஊசி குறைந்தது. அவ்வளவு சின்ன ஊசி எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாது. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஊரில் சாரிடம் "நிறுத்துங்கள்" என்று நான் சொன்னதே இல்லை. இங்கே காலையில் எல்லோரும் பெயர் சொல்லி அறிமுகமாகித்தான் வேலையைத் தொடங்குவோம், சர்ஜனையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயரைச் சொல்லி நிறுத்தச் சொன்னேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டார். துணி மடிப்பில் இருந்தது ஊசி. யாரும் திட்டவில்லை. அன்றிரவு அறைக்கு வந்து அழுதேன், பயத்தில் இல்லை, நிம்மதியில்.

குழந்தைகள் தியேட்டருக்கும் ஒரு மாதம் அனுப்பினார்கள். மூன்று கிலோ பச்சைக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். நனைந்த ஒவ்வொரு ஸ்வாப்பையும் எடை போடுவோம். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி ரத்தம் போயிருக்கிறது. அறையைச் சூடாக்கி வைப்பார்கள், கவுனுக்குள் வியர்த்து ஊற்றும். வேலையாகப் பார்த்தால் இதயம்தான் கஷ்டம். ஆனால் மனசுக்குக் குழந்தைகள் தியேட்டரைவிடக் கனமானது வேறு இல்லை, அந்த மாதம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

உனக்குப் பரீட்சை முடிந்ததும் ஊசி ஹோல்டரைப் பிடித்துப் பழகு. இடது கை சர்ஜனுக்கு ஊசியைத் திருப்பிப் பொருத்த வேண்டும், அதையும் பழகிக்கொள்.

அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். நல்ல அரிசி கிடைக்கிறது. தேங்காய்தான் நம் ஊர் ருசி இல்லை.

உன் அக்கா