மகம் பிடிபட்டது மாப்ளே

மாப்ளே,

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை, போனும் எடுப்பதில்லை. திட்டு நேரில். ஆத்தாவுக்கு மூட்டுவலி வழக்கம்போல. குண்டன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம்.

சரி, விஷயம். டெலஸ்கோப் முடிந்துவிட்டது! ஆறு அங்குலக் கண்ணாடி, எஃப் 8 (குவியதூரம் கண்ணாடி அகலத்தைப் போல் எட்டு மடங்கு), குழாய் நாலு அடி. கண்ணாடி தேய்த்ததுதான் பெரிய வேலை என்று இருந்தோமே, அடியிலுள்ள பெரியது, ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் சின்னது, இரண்டு கண்ணாடியையும் ஒன்றுக்கொன்று நேர் பார்க்க வைப்பது அதற்கு மேல். லேசர் வாங்கு என்கிறார்கள். அந்த லேசரே கோணலாக இருந்தால் அதை எவன் நிமிர்த்துவது? பழைய ஃபிலிம் டப்பா மூடியில் நடுவே ஓட்டை போட்டு, ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) இடத்தில் செருகிவிட்டேன். பெரிய கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு வளையம் ஒட்டினேன் (அலறாதே, சின்னக் கண்ணாடியின் நிழல் விழுகிற இடம்தான், அங்கே எப்படியும் வெளிச்சம் வராது). முதலில் சின்னதைத் திருப்பி, பெரியது முழு வட்டமாக அதன் நடுவில் தெரியும்படி நிறுத்த வேண்டும். அப்புறம்தான் பெரியதன் பின்பக்கத்து மூன்று திருகும். வரிசை மாறினால் விடிய விடியத் திருக வேண்டியதுதான். ஓட்டையின் பிம்பம் வளையத்துக்குள் வந்து உட்கார வேண்டும், அவ்வளவே.

அப்புறம் நட்சத்திரத்தில் சோதனை. நகராது என்பதால் துருவ நட்சத்திரத்தைப் பார் என்கிறார்கள். காரைக்குடியில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிதான், தென்னைகளுக்குப் பின்னால், தெரிந்தாலும் சோற்றுப்பானை ஆவி மாதிரி நடுங்குகிறது. அதனால் மக நட்சத்திரத்தைப் பிடித்தேன். பங்குனியில் அது நம் தலைக்கு மேலேயே போகிறது. நேர் உச்சியில் ஸ்டாண்டு திரும்பாது, கொஞ்சம் சாயவிட்டேன். மாடித்தளம் வாங்கிய வெயிலைக் கக்கி முடித்து, கண்ணாடியும் குளிரும்வரை காத்திருந்துவிட்டு, 120 மடங்கில் ஃபோகசை லேசாகக் கலைத்தால் வளையம் வளையமாக ஒளி, நடுவில் கறுப்பு வட்டம், ஆனால் ஒரு பக்கம் ஒதுங்கி, அதாவது கண்ணாடி இன்னும் கோணல். திருகைத் தொட்டாலே நட்சத்திரம் ஓடிவிடும், மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி திருகி... வளையங்கள் எல்லாம் ஒரே மையத்துக்கு வந்தபோது நான் போட்ட சத்தத்தில் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) படுத்திருந்த ஆத்தா எழுந்துவிட்டார்.

இன்னொன்று. பங்காளிகள் கூடிப் பேசியிருக்கிறார்கள், வீட்டை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடுவதாக. என் பங்கு எட்டில் ஒன்று, மாட்டேன் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? பராமரிக்கவும் வழியில்லை, ஓடு மாற்றுவதற்கே கண் பிதுங்குகிறது. மொட்டைமாடி அவர்கள் கைக்குப் போய்விட்டால் டெலஸ்கோப்பை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கையெழுத்துப் போடும் முன் நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல்.

அமாவாசையை ஒட்டி வா. 25 எம்எம் ஐபீஸையும் எடுத்து வா, அது என்னுடையது.