டாக்ரோலிமஸ் கம்பெனியை மாதாமாதம் மாற்றாதீர்கள்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கொள்முதல் செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து டாக்ரோலிமஸ். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு இந்த மாதமும் அது வேறு கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. அட்டையும் கேப்சூல் நிறமும் மாறியிருக்கின்றன. சீட்டில் ஒரு குறிப்பும் இல்லை. கேட்டால், “மருந்து ஒண்ணுதாம்மா, கம்பெனிதான் வேற” என்கிறார்கள்.

பாராசிட்டமாலுக்கு அந்தப் பதில் போதும். டாக்ரோலிமஸ் அப்படிப்பட்ட மருந்தல்ல என்பது உங்களுக்கும் தெரியும். சிறுநீரகம் மாற்றி ஓராண்டு கடந்தவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவை மில்லிலிட்டருக்கு 5 முதல் 8 நானோகிராமுக்குள் வைக்கவே பல மையங்கள் பாடுபடுகின்றன. குறைந்தால் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரையும் பொட்டாசியமும் ஏறும், அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டிலும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் உயரும். சந்தேகம் தீராவிட்டால் சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சிறு சதை எடுத்துப் பார்க்க வேண்டும். நிராகரிப்பு என்றால் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் மூன்று நாள் நரம்பில் ஏறும். அதன்பின் எதிர்ப்பு சக்தி இன்னும் சரிந்து, காளான் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸும் வரும் ஆபத்து கூடும்.

முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் மூல மருந்தைப் போலவே மற்ற கம்பெனிகள் தயாரிக்கும் தரமான ஜெனரிக் மருந்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஜெனரிக் பொதுவாக மூல மருந்தோடு ஒப்பிட்டே அனுமதி பெறுகிறது. அனுமதிக்காக ஒரு ஜெனரிக்கை இன்னொரு ஜெனரிக்கோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒருவருக்குத் தொடங்கிய கம்பெனி மருந்தையே தொடர்ந்து கொடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, ஒரு வாரத்துக்குள் ரத்த அளவை இலவசமாகப் பாருங்கள்.

அந்தச் சோதனைக்கு, இரவு மருந்து போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மருந்துக்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். விடியற்காலை பஸ் ஏறி வருபவரிடம் இதைச் சொல்லாமல் விட்டால், வழியிலேயே கேப்சூலைப் போட்டுக்கொள்வார். அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். டோஸைக் குறைத்துவிடுவார்கள்.

இன்னும் மோசமான குழப்பம் ஒன்று உண்டு. நாளுக்கு இருவேளை போடும் சாதாரண கேப்சூலும், ஒருவேளை மட்டும் போடும் மெதுவாகக் கரையும் கேப்சூலும் இருப்புப் பதிவேட்டில் ஒரே பெயரில் இருந்தால், கவுண்டரில் கை மாறிப்போகும். இரண்டுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். ரத்த அழுத்த மருந்தான டில்டியாசெம் இருப்பு இல்லையென்று, அதற்குப் பதில் அம்லோடிபின் என்ற வேறு ரத்த அழுத்த மருந்தை மாற்றித் தருவதும் இதே வகைதான். டாக்ரோலிமஸ் அளவைத் தாங்கிப் பிடிக்கவே சிலருக்கு டில்டியாசெம் எழுதப்படுகிறது. அது நின்றால் அளவு சரியும்.

முப்பது நாள் மருந்துக்கு வந்தவரைப் பதினைந்து நாள் மருந்தோடு திருப்பி அனுப்புகிறீர்கள். மீதிக்கு மறுபடியும் ஒரு நாள் கூலி, பஸ் காசு. அது இல்லாதவர் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி மருந்தை நீட்டுவார். பிறகு கோப்பில் “நோயாளி மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை” என்று எழுதப்படுகிறது. இது அநியாயம்.

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மனதார வரவேற்றோம். அவர்கள் கொடுத்த சிறுநீரகம் மருந்து மாற்றத்தால் கெட்டுப்போனால், அந்த மரியாதைக்கு என்ன பொருள்?

கோபத்தில் ஏதும் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த டெண்டர் விதிகளில், பழைய நோயாளிகளுக்கு அதே கம்பெனி மருந்து, முழு முப்பது நாளுக்கு, மாற்றினால் இலவச ரத்தச் சோதனை ஆகிய மூன்றையும் எழுத்தில் சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறுநீரக மாற்று நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும்