அணை மட்டத்துக்குப் பக்கத்தில் அடுத்த வார மழையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் பேப்பர் கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது அணை நீர்மட்டம் போடுகிற அந்தச் சின்ன மூலையைத்தான். பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும், பொய்கை, மாம்பழத்துறையாறு, அதற்குக் கீழே பாலமோர், சுருளோடு, களியல், பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம் என்று ஊர்வாரியாகப் பெய்த மழை. அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அதை வாசித்த பிறகுதான் மற்ற செய்தி. ஆனால் அதில் இருப்பதெல்லாம் நேற்றுப் பெய்த மழை. எனக்கு வேண்டியது நாளைக்குப் பெய்யப்போகிற மழை, அதைவிட முக்கியமாக, அடுத்த இரண்டு வாரம் பெய்யாமல் போகப்போகிற மழை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தோவாளை வட்டத்தில் பாசனச் சானலின் கடைசிப் பகுதியில் எனக்கு இரண்டரை ஏக்கர் வயல். 2023 கன்னிப்பூவில் (பூ என்றால் எங்கள் பக்கம் போகம், இது ஜூனில் தொடங்குகிற முதல் போகம்) நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் முதல் வாரம் அம்பை 16 நெல் ரகத்தை நாற்றங்காலில் விதைத்து, மாதக் கடைசியில் நட்டோம். ஜூலையில் சாரல் நன்றாக இருந்தது, பயிர் நல்ல தூர் கட்டி நின்றது, அந்தச் சந்தோஷத்தில் வரப்பு உடைப்பைக்கூட ஒழுங்காக அடைக்காமல் விட்டேன். ஆகஸ்ட் பிறந்தது, மழை நின்றது. சானலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், எங்கள் மடைக்கு வந்து சேரும்போது கணுக்கால் நனையக்கூட இல்லை. சரியாகப் பொதிப் பருவம், கதிர் தொண்டைக்குள் இருக்கிறது. வயலில் இறங்கினால் வெடிப்புக்குள் கால் பெருவிரல் போகிறது, காலையில் விரித்து நிற்கிற தோகை பத்து மணிக்குச் சுருண்டு ஊசி மாதிரி ஆகிவிடும். கதிர் வந்த பிறகு உருவிப் பார்த்தால் பாதி சாவி, மணி பிடிக்காத பதர். மிச்சத்தை அறுக்கலாம் என்று செப்டம்பர் கடைசியில் மிஷினுக்குச் சொல்லி வைத்தேன், மிஷின் வரத் தாமதம், அக்டோபர் தொடக்கத்தில் ஊற்றிய மழையில் பயிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைத்தது. ஒரே பூவில் வறட்சியையும் பார்த்தேன், வெள்ளத்தையும் பார்த்தேன்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் பிறகுதான் தெரியவந்தது. அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதியே இந்திய வானிலை ஆய்வுத் துறை, ஆகஸ்டில் நாடு முழுவதும் மழை இயல்பைவிடக் குறையும் என்று அறிவித்திருந்தது. அதேபோலத்தான் நடந்தது. 1901-லிருந்து கணக்கு வைத்ததில் மிகக் குறைவாக மழை பெய்த ஆகஸ்ட் அதுதான், இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. நாடு முழுவதுக்கும் சொன்னதுதான், நம் மாவட்டத்துக்கென்று தனியாகச் சொன்னதில்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த ஒரு வரி ஆகஸ்ட் முதல் தேதி என் காதில் விழுந்திருந்தால் வரப்பு உடைப்பை அன்றைக்கே அடைத்திருப்பேன், வயலில் நின்ற சாரல் தண்ணீரை வடிய விட்டிருக்க மாட்டேன், குளத்து மடையைச் சரிசெய்து இருக்கிற தண்ணீரைப் பொதிப் பருவத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்துக்காரர்கள், அதாவது எங்கள் வயல்பரப்பில் பயிர் வைக்கிறவர்கள், எல்லோரும் உட்கார்ந்து பேசியிருப்போம். மழையை யாரும் வரவழைக்க முடியாது, ஆனால் பதினைந்து நாள் முன்னால் தெரிந்தால் பாதிச் சாவியைக் கால் சாவியாக்கலாம். ஏக்கருக்கு அது எத்தனை மூட்டை என்று நெல் போடுகிறவருக்குத் தெரியும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் நம்முடையது அதிக மழை மண்டலம். தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, இரண்டு பருவமழையும் கிடைக்கிற ஊர் என்று வெளியே பெருமையாகச் சொல்வோம். அதனாலேயே இங்கே வறட்சி என்று சொன்னால் நம்புகிறவர் குறைவு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தபோது நாமும் அந்தப் பட்டியலில் இருந்தோம். இங்கே வறட்சி வருஷம் பூராவும் நீடிப்பதில்லை, பயிரின் தவறான வயசில் வருகிற இருபது நாள்தான் நம் வறட்சி. வருஷக் கடைசியில் மழைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அந்த இருபது நாள் எங்கேயும் தெரியாது.

என் தாத்தா சித்திரை பத்து, அதாவது பத்தாமுதயம் பார்த்துத்தான் காய்ந்த மண்ணில் பொடிவிதை தூவுவார். இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) மழை இறங்கும், திருவாதிரை ஞாற்றுவேலையில் (ஆனியில்) விடாமல் பெய்யும், கன்னியில் (புரட்டாசியில்) அறுப்பு, பிறகு துலா (ஐப்பசி) மழையில் அடுத்த பூ, கும்பத்தில் (மாசியில்) அறுப்பு. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற பெயரே அந்த மலையாள மாசக் கணக்கில் வந்ததுதான். அந்தக் கணக்கு பொய்யில்லை, தலைமுறை தலைமுறையாக வயலில் நின்று பார்த்து எழுதிய கணக்கு. ஆனால் இப்போது மழை அந்தத் தேதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. கடல் சூடாகிறது, காற்றில் ஈரம் கூடுகிறது, பெய்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் காணாமல் போகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததை எல்லோரும் பார்த்தோம். தாத்தாவின் கணக்கை நான் விடவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு இல்லாமலும் இல்லை. வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு தடவை ஐந்து நாள் முன்னறிவிப்போடு வேளாண் ஆலோசனை தருகிறார்கள். வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரத்துக்கான கணிப்பு வருகிறது. வேளாண் வானிலைக்கான மேகதூத் செயலி 2019-லிருந்து இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஊராட்சி அளவிலேயே ஐந்து நாள் முன்னறிவிப்பு தருகிறார்கள், மேரி பஞ்சாயத் என்ற செயலியில் பார்க்கலாம். நான் பார்க்கிறேன். ஆனால் எங்கள் பத்தில் இதைப் பார்க்கிறவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். இங்கே நெல் போடுகிறவர்களில் பலர் அறுபது வயசைத் தாண்டியவர்கள், நிறையப் பேர் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துச் செய்கிறவர்கள். குறுஞ்செய்தி எல்லாம் பதிவு செய்த செல்போனுக்குத்தான் போகிறது, என் வயலுக்கு அடுத்த வயலில் பதிவாகியிருப்பது சொந்தக்காரர் எண், அவர் துபாயில் இருக்கிறார். உரம் போடாதே, மழை வருகிறது என்ற செய்தி துபாய்க்குப் போய் என்ன செய்ய, இங்கே பாட்டக்காரர் அன்று காலையில்தான் யூரியா வீசிவிட்டு வீட்டுக்குப் போனார், மத்தியானம் பெய்த மழையில் அவ்வளவும் ஓடைக்குப் போனது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானிலையைப் பார்த்து விவசாயிக்கு ஆலோசனை சொல்ல மாவட்டங்களில் இருந்த வேளாண் வானிலை அலகுகளை, நாடு முழுவதும் 199, 2024 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். நம் மாதிரி மலையும் கடலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்குகிற ஊரில், பாலமோரில் கொட்டும்போது கொட்டாரத்தில் தூசி பறக்கிற ஊரில், பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஒன்று போதும், தோவாளைக்குச் சொன்னது விளவங்கோட்டுக்குப் பொருந்தாது. அந்த அலகுகளைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்னறிவிப்பு பொய்த்துப்போகிறது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த மொழி புரிகிறவரைக்கும். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து இடத்துக்குள்தான் பெய்யும் என்று அர்த்தம், ‘சில இடங்களில்’ என்றால் ஐம்பது வரைக்கும், ‘பல இடங்களில்’ என்றால் எழுபத்தைந்து வரைக்கும், ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கு மேல். ஓரிரு இடங்கள் என்று போட்டிருந்தால் நம் வயலில் பெய்யும் என்று நம்பி மடையை அடைக்கக் கூடாது, பெரும்பாலான இடங்கள் என்று போட்டிருந்தால் மருந்து அடிக்கக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மில்லிமீட்டரும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் நாற்பது லிட்டர் தண்ணீர். இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு உங்கள் பேப்பரில் வருகிற மழைக் கணக்கையே நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

போன வருஷத்திலிருந்து வயலில் ஒரு குழாய் பதித்திருக்கிறேன். ஒரு அடி நீளம், சுற்றிலும் ஓட்டை போட்ட பிவிசி குழாய், பாதி மண்ணுக்குள் இருக்கும், உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் தரைக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்குகிற வரைக்கும் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது, அதன் பிறகு பாய்ச்சினால் போதும் என்கிறார்கள், பூக்கிற சமயம் மட்டும் தண்ணீர் குறையவே கூடாது. முதலில் பயமாகத்தான் இருந்தது, தண்ணீர் நிற்காத வயலை நெல் வயல் என்று சொல்ல மனசு வரவில்லை. இப்போது காலையில் குச்சியை விட்டு அளந்து பார்ப்பேன், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், அப்புறம் செல்போனில் அடுத்த இரண்டு நாள் மழையைப் பார்ப்பேன். பல இடங்களில் என்று இருந்தால் காத்திருப்பேன், இல்லாவிட்டால் அன்றைக்கே மடை திறப்பேன். குழாயும் முன்னறிவிப்பும் சேர்ந்தால்தான் பிரயோஜனம்.

ஆனால் கடைமடைக்காரனுக்கு இதிலும் ஒரு முட்டு இருக்கிறது. ‘தேவையான நீர் பாய்ச்சவும்’ என்று ஆலோசனை வருகிறது. எங்கிருந்து பாய்ச்ச? சானலில் அன்றைக்கு எங்கள் முறை இல்லையே. வானிலை சொல்கிறவருக்கு அணை தெரியாது, அணையைத் திறக்கிறவர் வானிலையைப் பார்த்து முறையை மாற்றுவதில்லை. முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, வழக்கமாக ஜூன் முதல் தேதி திறப்பு, பிப்ரவரி கடைசியில் அடைப்பு, இது எல்லோருக்கும் மனப்பாடம். நான்கு வாரக் கணிப்பில் மழை குறைவு என்று தெரிந்தால் முதல் வாரத்திலேயே முறை வைத்து, கடைமடையில் பொதிப் பருவம் எப்போது வருகிறது என்று பார்த்து அந்தப் பத்து நாளுக்குத் தண்ணீரை ஒதுக்கலாமே. கும்பப்பூவில் டி.பி.எஸ். 3 ரகம் போடலாமா, அது 135 நாளுக்கு மேல் நிற்கும், இல்லை 110 நாளில் வருகிற அம்பை 16 போட்டுச் சீக்கிரம் அறுக்கலாமா என்று விதைக்கும் முன்னாலேயே சொல்லலாமே. நீர்வளத்துறையும் வேளாண் துறையும் வானிலைக் கணிப்பை நடுவில் வைத்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை பேசினாலே முக்கால் பிரச்சினை தீரும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து போன பிறகு நம் கடற்கரை ஊர்களில் எச்சரிக்கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிறோம். கடலுக்குப் போகாதே என்றால் கோயில் மைக்கில் அறிவிப்பு வந்துவிடுகிறது. அத்தனை உயிரைக் கொடுத்த பிறகு வந்த ஏற்பாடு அது. அங்கிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை போதும், வெள்ளியும் செவ்வாயும் நாலு வரி எழுதினால் போதும். நடவுக்குப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள், அவர்கள் வாசித்துவிட்டுப் போனால் பத்து முழுக்கச் செய்தி பரவிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அணை மட்டம் போடுகிற அதே மூலையில் புதன், சனி இரண்டு நாளும் ஐந்து நாள் முன்னறிவிப்பைத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஒரு வரி, கல்குளம், விளவங்கோடு ஒரு வரி என்று போடுங்கள். வெள்ளிக்கிழமை நான்கு வாரக் கணிப்பைப் போடுங்கள். ஓரிரு, சில, பல என்பதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கட்டும். செல்போன் தெரியாதவரும் டீக்கடையில் பேப்பர் பார்ப்பார், அந்த மூலையை எப்படியும் பார்ப்பார்.

கன்னிப்பூவுக்கு விதைநெல்லைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். பத்தாமுதயம் வருகிறது, வழக்கம்போல ஒரு பிடி விதையை வயலில் போட்டுக் கும்பிடுவேன். நாற்றங்கால் தேதியை மட்டும் இன்னும் குறிக்கவில்லை, அடுத்த வியாழக்கிழமை வருகிற கணிப்பைப் பார்த்துவிட்டுத்தான் குறிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.