ஆற்றோரமாகவே போங்கள்

பொறையாறு,
அக்டோபர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலத்தான் இருக்கிறது. வாசலில் இருந்த முருங்கை சென்ற வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. மற்றபடி எழுதும்படியான செய்தி எதுவும் இல்லை.

போன ஞாயிறு பேசியபோது, அங்கே இங்கிலாந்துக் கடலோரத்தில் உள்ள பீச்சி ஹெட் மேட்டில் தனியாக நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னாய். நானும் சரி என்று சொல்லிவிட்டு இங்கே பெய்த மழையைப் பற்றிப் பேசினேன். போனை வைத்த பிறகுதான், கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் மழையைச் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. அந்த மேடு 162 மீட்டர் உயரம் என்று நீதான் சென்ற ஆண்டு ஆவணியில் எங்களை அழைத்துப் போனபோது சொன்னாய். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டரை மடங்கு என்று நான் மனக்கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னதும், அவள் பேரனின் சட்டைக் காலரைப் பிடித்தவள் வண்டியில் ஏறும்வரை விடவில்லை. அங்கே விளிம்பு ஓரம் போகாதே. மேலே புல் பச்சையாக, உறுதியாகத்தான் தெரியும். அடியில் இருப்பது சுண்ணப்பாறை, அதைக் கடல் கீழிருந்து குடைந்து கொண்டே வருவதால் நிற்கும் இடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமலும் போகலாம். அங்கே விளிம்பில் இருந்த பெல் டூட் கலங்கரை விளக்கத்தையே 1999-ல் அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள் என்றால், அந்தக் கரையை நம்பலாமா? நம் தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி கடலுக்குள் போனதைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நீ தந்து அனுப்பிய, அந்தப் பகுதிக்கான ஓஎல் 25 வரைபடம் இப்போது என் மேசையில்தான் விரித்தபடி கிடக்கிறது. நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில், அம்மாவின் தையல் நூலை வைத்து வளைவுகளையெல்லாம் அளந்து பார்த்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் தபால் இலாகாவில் இருந்தவனுக்கு, எந்த ஊருக்கு எந்த வழி என்று பார்ப்பதில் இன்னும் ஆசை போகவில்லை. இம்மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு வாரம் விடுமுறை என்று பெரியவள் முன்பு சொல்லியிருக்கிறாள். அந்த வாரத்தில் ஒரு நாள் அவர்களை நடக்க அழைத்துப் போவாயா? போவதென்றால் மேட்டுக்கு வேண்டாம், ஆற்றோரமாகவே போங்கள்.

கார் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால் ரயிலிலேயே கணக்கிட்டிருக்கிறேன். ஈஸ்ட் கிராய்டனில் ஏறி, லூயிஸில் மாறி, சீஃபோர்டில் இறங்கினால், அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் பேருந்து எக்ஸீட் பாலத்தைத் தாண்டியதும் நிற்கும். ஆற்றின் கிழக்குக் கரையைப் பிடித்தால் கடல்வரை சமதளமான பாதைதான். நூலில் எட்டு சென்டிமீட்டர், அதாவது இரண்டு கிலோமீட்டர். போக வர நான்கு. சின்னவன் கால் வலிக்கிறது என்று முரண்டு பிடித்தாலும் தள்ளுவண்டி ஓடும். கக்மியர் ஆறு அங்கே பாம்பு போல வளைந்து வளைந்து கிடப்பதைப் பார்த்து அவன் போன முறை கைகொட்டினானே, நினைவிருக்கிறதா? 1840-களில் நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டதால், பழைய வளைவுகளில் ஓட்டம் நின்று குளம் போலத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதனால்தான் அங்கே இத்தனை பறவைகள் என்று அன்று அவனுக்கு விளக்கியது மருமகள். உனக்குத் தெரியாதது பலவும் அவளுக்குத் தெரியும். கவனித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

கடற்கரைக்குப் போனதும், பாறையடியில் பர்லிங் கேப் பக்கமாக நடக்கலாம் என்று பெரியவள் கேட்பாள். விடாதே. நம் கடலில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்; அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறு மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. ஏறத் தொடங்கிவிட்டால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் செங்குத்தான பாறை, இடையே மேலே ஏற வழி கிடையாது. ஓத நேரமும் நாளுக்கு ஐம்பது நிமிடம்போல் தள்ளிப் போவதால் நேற்றைய நேரத்தை இன்றைக்கு நம்ப முடியாது. அதைப் பார்த்துவிட்டே கிளம்பு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதன் பிறகு ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே காலையிலேயே கிளம்பு. ஆட்டுப் பட்டிகளின் கேட்டைத் திறந்தால் திறந்தவர்களே மூட வேண்டும். அந்த வேலையைச் சின்னவனிடம் கொடு, கால் வலியை மறந்துவிடுவான். விளிம்பு ஓரம் போகாதே.

நீ வீட்டு வாசலை நோக்கி உட்கார்ந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் பின்னால் செருப்பு அடுக்கு தெரியும். முன்பு அதில் சேறு படிந்த காலணிகள் நான்கு ஜோடி இருக்கும். சின்னவனுடையது மட்டும் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். இந்த மூன்று வாரமாக ஒரு ஜோடிதான் தெரிகிறது என்று அம்மா சொல்கிறாள். மற்றவற்றைக் கழுவி உள்ளே வைத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பத்து வயதில் தரங்கம்பாடிக் கரையில் கோட்டையிலிருந்து கோயில்வரை மணலில் என்னோடு சரிக்குச் சரியாக நடந்த பிள்ளை, அயல்நாட்டில் ஒரு வீட்டை நிறுத்தியிருக்கிறான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உனக்கு வேகம் அதிகம். சென்ற ஆண்டு பர்லிங் கேப்பிலிருந்து ஏறும்போது நீ முப்பது அடி முன்னால் போய்விட்டாய். மருமகள் சின்னவனைத் தூக்கிக்கொண்டு, பையையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். நீ ஒருமுறைகூடத் திரும்பவில்லை. உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். பிறகு கூப்பிடவில்லை, ஏனென்றால் உன் நடை என் நடையாக இருந்தது.

உனக்கு மறந்திருக்காது. ஒரு ஞாயிறு மாலை, 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய அந்தத் தரங்கம்பாடி நுழைவாயிலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அம்மா நம்மோடு இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. கால் பிசகி, கடலோரக் கற்களின் மேல் உட்கார்ந்திருந்தாள். நீதான் திரும்பி ஓடினாய். நான் நுழைவாயிலிலேயே நின்றேன். அதோடு, நீ அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தபோது பேருந்து போய்விட்டது என்று அவளைக் கடிந்துகொண்டேன். அவள் அன்று இரவு மட்டுமல்ல, அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது அவளால் நூறடி நடக்க முடியாது. நான் மெதுவாக நடக்கப் பழகியிருக்கிறேன், ஆனால் கூட நடப்பதற்கு அவள் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று பர்லிங் கேப்பில் நீ தேநீர் வாங்கப் போயிருந்தபோது, மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நானும் அத்தையும் எப்போதாவது சேர்ந்து நடந்திருக்கிறோமா என்று கேட்டாள். அவள் கேட்டது எங்களைப் பற்றியதல்ல என்று எனக்கு அப்போதே புரிந்தது. அவள் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். பார்த்தும், கையிலிருந்த கூழாங்கல்லைக் காட்டி, சுண்ணப்பாறைக்குள்ளிருந்து இந்தக் கறுப்புக் கல் எப்படி வருகிறது என்று அவளிடம் கேட்டேன். அவளும் பொறுமையாகச் சொன்னாள். பெரியவன் என்று ஒருவன் பக்கத்தில் இருந்தும் அன்று அவளுக்கு உதவவில்லை. அவளிடம் இதை நீ சொல்லலாம். அல்லது என்னைச் சொல்லவிடு, எண்ணைக் கொடு. பழைய எண்ணில் கிடைக்கவில்லை.

விடுமுறையில் எந்த நாள் போகிறீர்கள், எத்தனை பேர் போகிறீர்கள் என்று எழுது. வெயில் இருந்தாலும் பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு எடுத்துக்கொள். நீ முன்னால் போகாதே, சின்னவனின் நடைக்கு நட. திரும்பும்போது மேட்டைப் பார்த்ததும் ஆசை வரும், அன்றைக்கு வேண்டாம். தனியாக என்றைக்குமே வேண்டாம்.

தீபாவளிக்கு அம்மா முறுக்கும் அதிரசமும் செய்யத் தொடங்கிவிட்டாள், வழியில் தின்பதற்கு ஆகும் என்று சின்னச் சின்னப் பொட்டலமாகவே கட்டுகிறாள். துணியில் வைத்து நானே தைத்துவிடுவேன். முகவரி மட்டும்தான் இன்னும் எழுதவில்லை. எல்லாவற்றையும் ஒரே பார்சலாக அனுப்பலாமா, இரண்டாகப் பிரிக்க வேண்டுமா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவி.

அன்புடன்,
அப்பா